வென்ட் எண்டா சுவரில துளைக்கிற ஓட்டை இல்லை

மூண்டு கிழமையா எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நினைக்க நினைக்க நெஞ்சு கொதிக்குது. அதான் எழுதுறன்.

போன ஒக்டோபரில, கனடாவில எங்கட ஸ்காபரோ வீட்டில காஸ் பயர்பிளேஸ் ஒண்டு பூட்டினம். அம்மாவுக்காகத்தான். யாழ்ப்பாணத்து வெயிலில எழுபது வருசம் இருந்திட்டு வந்த மனிசி, குளிர் தொடங்கினா முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதைப் பாக்கேலாது. "எங்கட ஆள், நல்ல வேலைகாரன்" எண்டு நாலு பேர் சொல்லித்தான் கூப்பிட்டனாங்கள். 6,800 டொலர். காசாத் தந்தா டக்ஸ் இல்லை எண்டார். ஓமெண்டு சொன்னது என்ர பிழை, அதை நான் மறைக்கேல்லை.

இரண்டு நாள் வேலை. ஒண்டரை நாள் முன்பக்கத்துக் கல்லு ஒட்டுறதுக்கும் மேல்தட்டுப் பலகைக்கும் போச்சுது. லெவல் வைச்சு வைச்சுப் பாத்தார். ஆனா வென்ட், புகை வெளிய போற குழாய்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முடிச்சிட்டார். சுவரைத் துளைச்சார், குழாயைச் செருகினார், வெளிய மூடியைப் பூட்டினார். நான் கேட்டன், "தம்பி, குசினி யன்னலுக்குக் கிட்ட வருதே, பரவாயில்லையோ?" எண்டு. "ஒண்டும் செய்யாதக்கா, இது டிரெக்ட் வென்ட்" எண்டு சொல்லிப்போட்டுக் கையைக் கழுவப் போட்டார்.

டிரெக்ட் வென்ட் எண்டா என்னெண்டு அண்டைக்கு எனக்குத் தெரியாது. இப்ப நல்லாத் தெரியும். குழாய்க்குள்ள குழாய். உள்ளுக்க இருக்கிற நாலு அங்குலக் குழாயால எரிஞ்ச புகை வெளிய போகும். அதைச் சுத்தி இருக்கிற பெரிய குழாயின்ர இடைவெளியால எரியிறதுக்கு வேண்டிய காத்து உள்ள வரும். வீட்டுக் காத்தை அது தொடவே கூடாது. அந்த இரண்டு வழியும் ஒண்டோடொண்டு கலக்காமல் இருந்தால்தான் இந்தச் சாமான் பாதுகாப்பானது. வேலை முழுக்க அந்தக் குழாயிலதான் இருக்கு. கல்லிலயும் பலகையிலயும் இல்லை.

ஜனவரியில குளிர் இறுகினாப் பிறகு பிரச்சினை தொடங்கிச்சுது. பத்துப் பதினைஞ்சு நிமிசம் நல்லா எரியும். பிறகு நெருப்பு மெலிஞ்சு, கட்டையை விட்டு மேல எழும்பி, அந்தரத்தில ஆடி ஆடி அணைஞ்சிடும். கூப்பிட்டன். வந்து பைலட் எண்ட சின்ன நெருப்புக்குப் பக்கத்தில இருக்கிற, சூட்டை அறியிற தெர்மோபைல் எண்ட துண்டை மாத்திப்போட்டு 350 டொலர் வாங்கினார். இரண்டு நாளில திரும்பவும் அதே ஆட்டம். "கனடாக் குளிர் அக்கா, அப்பிடித்தான் இருக்கும்" எண்டார். கனடாக் குளிருக்கெண்டு செய்த சாமான் கனடாக் குளிருக்கு எரியாதோ?

இதுக்கிடையில குசினி யன்னலில ஐஸ் படரத் தொடங்கிச்சுது. வெளிப்பக்கம், வென்ட் இருக்கிற மூலையில மட்டும், கோழி இறகு மாதிரி வெள்ளை வெள்ளையா. காஸ் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும், அது குளிர்க் கண்ணாடியில பட்டு உறையுது எண்டு பிறகுதான் விளங்கிச்சுது. எரிஞ்ச புகை எங்கட யன்னலை நக்கிக்கொண்டு போனதுக்கு அந்த ஐஸ்தான் சாட்சி. நான் வடிவா இருக்கெண்டு படம் எடுத்தனான்.

அம்மாவுக்குத் தலையிடி. ஒவ்வொரு நாளும் பின்னேரம். பீனிசமாக்கும் எண்டு தைலம் பூசினம், ஆவி பிடிச்சம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்திட்டு வந்தா மனிசிக்குச் சுகம். அம்பாள் அருள் எண்டா. வீட்டை விட்டு வெளிக்கிட்டால் தலையிடி போகுதெண்டா, பிழை வீட்டிலதான் எண்டு எனக்குப் படேல்லையே எண்டுதான் இண்டைக்கும் மனம் அடிக்குது.

கண்டுபிடிச்சது ஃபர்னஸ் சேர்விசுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன். வீட்டுக்குள்ள வரமுதலே வெளிச்சுவருக்கு முன்னால நிண்டிட்டான். டேப்பை இழுத்தான். யன்னலுக்கும் வென்டுக்கும் ஏழு அங்குலம். எங்கட, மணிக்கு 30,000 பிரிட்டிஷ் தெர்மல் யூனிட் சூட்டுச் சாமானுக்குத் திறக்கிற யன்னலில இருந்து குறைஞ்சது 12 அங்குலம் விடவேணும் எண்டு காஸ் பூட்டுற விதிப்புத்தகத்தில எழுதியிருக்கு. ஏழு! உள்ள வந்து பயர்பிளேசைப் போட்டு, அடுப்புக்கு மேல இருக்கிற புகை இழுக்கிற ஃபேனையும் போட்டு, கையில இருந்த மீட்டரைப் பாத்தான். நாங்கள் சமைக்கேக்க அந்த ஃபேனை முழு வேகத்தில விடுவம், தாளிச்ச மணம் நிக்கக்கூடாதெண்டு. அது வீட்டுக் காத்தை வெளிய தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப யன்னல் இடுக்கால வெளிக்காத்து உள்ள வரும். எங்கட வீட்டில அந்த இடுக்குக்குப் பக்கத்தில புகைக்குழாய். மீட்டர் 24 பிபிஎம் காட்டிச்சுது, காத்தில பத்து லட்சத்தில 24 பங்கு. கார்பன் மொனொக்சைட், மணமில்லாத நஞ்சுக் காத்து. அவன் ஒண்டும் கதைக்காமல் வால்வைப் பூட்டி, பாவிக்கக்கூடாதெண்ட சிவப்புத் துண்டைக் கட்டினான்.

சுவரைத் திறந்து பாத்தம். உள்குழாய் பொருத்தில பூட்டுப்படவே இல்லை, சும்மா செருகி விட்டிருக்கு. புகை வெளிய போகாமல் பக்கத்து வழிக்குள்ள கசிஞ்சு, உள்ள வர்ற காத்தோட கலந்து, திரும்பவும் நெருப்புக்கே வந்திருக்கு. அதுதான் நெருப்பு மூச்சு முட்டி அணைஞ்சது. அப்பிடி ஒட்சிசன் காணாமல் எரியேக்கதான் மொனொக்சைட் கூட வரும். குழாயோட முட்ட முட்டச் சுவருக்குள்ள குளிர் மறிக்கிற பஞ்சு அடைஞ்சிருந்தது. பஞ்சைக் கையில எடுத்தன். ஒருபக்கம் கருகி மண்ணிறமா இருந்தது.

போன் அடிச்சுச் சொன்னதுக்கு, பயர்பிளேஸ் பூட்டினவர் சொன்ன பதில்: "உங்கட அலாரம் அடிச்சதே அக்கா? இல்லைத்தானே? பிறகென்ன?"

அலாரம் 70 பிபிஎம்முக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுத்தும் அடிக்கலாம். முப்பதுக்குக் கீழ நாள்கணக்கா இருந்தாலும் அடிக்காமல் இருக்கலாம். அலாரம் ஆளைச் சாகாமல் காப்பாத்துற சாமான், உங்கட வேலை சரியெண்டு சேர்ட்டிபிக்கட் தர்ற சாமான் இல்லை. இதே ஒன்ராறியோவில, வூட்ஸ்டொக்கில, 2008இல ஒரு பொலிஸ்காரி, புருசன், இரண்டு பிள்ளையள், முழுக் குடும்பமும் போச்சுது. காரணம் என்ன தெரியுமோ? காஸ் பயர்பிளேசின்ர வென்ட் அடைபட்டது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் 2013இல ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் எண்டு கொண்டுவந்து, வீடுகளில மொனொக்சைட் அலாரம் கட்டாயமாக்கினது. காஸ் வேலை செய்யிற ஒருத்தருக்கு இது தெரியாமல் இருக்கலாமோ?

தெரியாது. ஏனெண்டா அவர் காஸ் வேலைகாரனே இல்லை. டைல் ஒட்டுறவர். இந்த மாகாணத்தில காஸ் குழாயில கைவைக்க ரி.எஸ்.எஸ்.ஏ. எண்ட மாகாணப் பாதுகாப்பு அமைப்புத் தர்ற அத்தாட்சி வேணும். அந்தக் கார்ட்டைக் காட்டுங்கோ எண்டு கேட்டதுக்கு "ஃப்ரெண்ட் ஒருத்தரிட்ட இருக்கு" எண்டார். ஃப்ரெண்டிட்ட இருந்தா என்ர அம்மாவுக்கு மூச்சு வருமோ?

இப்ப போன் வருது, ஊர்ப்பட்ட சனம். "எங்கட பெடியன், அவன்ர பிழைப்பில மண்ணைப் போடாதேங்கோ." "பேசித் தீருங்கோ, வெள்ளைக்காரனிட்டக் காட்டிக் குடுக்காதேங்கோ." என்ன கதை இது? என்ர தாயின்ர ரத்தத்தில புகை ஏறேக்க எங்கட பெடியன் எங்க போனவர்? அவர் பூட்டின மற்ற வீடுகளில எத்தினை அம்மாமார் தைலம் பூசிக்கொண்டு இருக்கினமோ? அந்த வீடுகளை ஆர் திறந்து பாக்கிறது?

கார்ட் உள்ள ஒருத்தர் வந்து பாத்தவர். வென்டை மற்றச் சுவரால எடுக்க வேணுமாம், 4,200 டொலர். குடுக்கப் போறன், பில்லோட. அம்மா அந்தக் கதிரையில இருக்கப் பயப்பிடுறா. "கழட்டிப்போடு பிள்ளை, நான் சேலைக்கு மேல கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறன்" எண்டுறா.

முறைப்பாட்டுப் படிவம் நேற்று இரவு அனுப்பிட்டன். டேப் ஏழில நிக்கிற படம், பூட்டாத குழாய், கருகின பஞ்சு, யன்னலில நான் வடிவெண்டு எடுத்த ஐஸ், எல்லாத்தையும் சேர்த்து. ஆர் வந்து கதைச்சாலும் திருப்பி வாங்க மாட்டன்.