பெட்ரோல் பங்க்கில் தரும் சாவிக்கொத்து திருடனுக்கு வழி காட்டுமா?

"பங்க்கில் இலவசமாகத் தரும் சாவிக்கொத்தை வாங்காதீர்கள். உள்ளே உள்ள சிப் உங்கள் வீட்டைக் கொள்ளையருக்குக் காட்டிக்கொடுக்கும்" என்ற வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

ஜிபிஎஸ் சிப் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும், அவ்வளவுதான். அதை இன்னொருவருக்கு அனுப்ப சிம் கார்டும் ஆன்டெனாவும் வேண்டும்; பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்யவும் வேண்டும். சாவிக்கொத்தில் மினுக்கும் குட்டி சோலார் தகட்டால் இதற்கெல்லாம் மின்சாரம் தர முடியாது. ரேடியோ அலையால் படிக்கப்படும், பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி சிப்பையும் சில மீட்டர் தூரத்துக்குள்தான் படிக்க முடியும்.

சரி, 2021இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக்? அது உண்மையிலேயே இருப்பிடம் காட்டும் கருவி. ஆனால் விலை அதிகம், ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. வேறொருவரின் ஏர்டேக் உங்களோடு நகர்ந்தால் இன்றைய ஐபோனும் ஆண்ட்ராய்டும் எச்சரிக்கும்.

இந்தச் செய்தியைப் பரப்புவோரின் அக்கறை புரிகிறது. அந்த அக்கறையைச் சாவி மேல் காட்டலாம். பூந்தொட்டிக்கு அடியிலோ மீட்டர் பெட்டியிலோ சாவியை வைக்காதீர்கள். திருடர் முதலில் தேடும் இடங்கள் அவைதான். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றுங்கள். அப்புறம், வெளியூர் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால், ரோந்து வரும்போது பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.