'தப்பா நினைக்காதம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்'

ஞாயிற்றுக்கிழமை புதுமனைப் புகுவிழாப் பந்தியில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள்; வராதவர்கள் அதற்குள் பல விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தது அநாகரிகம் என்று எழுதியவர்களுக்காகவே இந்தப் பதிவு.

அந்தப் பெரியவர் என் மகளிடம் முதலில் கேட்டது "சொந்த ஊர் எதும்மா?" என்றுதான். தென்காசிப் பக்கம் என்றாள். "பக்கம்னா?" ஊர்ப் பெயரைச் சொன்னாள். "அங்க எந்தத் தெரு?" சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. "தாத்தா பேரு?" சொன்னாள், எல்லாச் சாதியிலும் வைக்கிற பெயர் என்பதால் அவருக்கு அது உதவவில்லை. "குலசாமி எது?" என்று அவர் கேட்டபோது ரசம் ஊற்ற வந்த பையன்கூட வாளியோடு நின்று அவள் முகத்தைப் பார்த்தான். கடைசியில் பொறுமையிழந்து, "நீங்க என்ன ஆளுங்க? தப்பா நினைக்காதம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார்.

சும்மா தெரிந்துகொள்வதற்கு ஒருவர் இத்தனை பாடுபடுவாரா? பொழுதுபோக்குக்காக ஊரை விசாரிப்பவர் ஊரோடு நின்றுவிடுவார். குற்றால அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார். நம் கிராமங்களில் கீழத்தெரு எது, மேலத்தெரு எது என்று தெரிந்தால் அங்கே இருப்பவர் யார் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே அது முகவரி விசாரணை அன்று. தலித் மக்களின் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இதனால்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்ததைச் சொல்லி, எங்கள் பெயருக்குப் பின்னால் வால் கிடையாது என்று வடநாட்டு நண்பர்களிடம் பெருமை பேசுகிறோம். வால் போய்விட்டது, உண்மைதான். அது இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கிற கைதான் போகவில்லை.

"அவர் அந்தக் காலத்து மனிதர், விட்டுவிடலாமே" என்கிறீர்கள். 2023இல் நாங்குநேரியில் உடன் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய சிறுவர்கள் எந்தக் காலத்து மனிதர்கள்? அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிறு கட்டுகிற பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று வியக்கிறவர்கள், பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

"சாதிச் சான்றிதழ் மட்டும் வாங்குவீர்களோ?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பது, மறுக்கப்பட்ட ஒன்றைக் கொடுப்பதற்காக. இவர் எதைக் கொடுப்பதற்காகக் கேட்டார்? உறவுமுறை வைத்து அழைப்பதற்காகக் கேட்டிருப்பார் என்பது இன்னொருவரின் சமாதானம். பேருந்து நடத்துநரை அண்ணே என்று கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் யாராவது அவருடைய குலசாமியை விசாரித்தது உண்டா? வரன் பார்க்கக் கேட்டிருக்கலாமாம். அவளுக்கு இப்போது கல்லூரித் தேர்வு நடக்கிறது. அதற்குமேல் இதற்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வி எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுந்தேன். திருமணமான புதிதில் சென்னையில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை பேசி, முன்பணமும் பேசியாயிற்று. என் மனைவி திரைச்சீலைக்காகச் சமையலறை ஜன்னலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்து, காப்பி கொடுத்தபடியே, இதே வரிசையில் கேட்டார்: ஊர், தெரு, அப்பா பெயர், "நான்வெஜ் சமைப்பீங்களா?" அவரும் சும்மாதான் கேட்டார். மறுநாள் தரகர் போன் செய்து, வீட்டுக்காரம்மாவின் தம்பி வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறாராம், வேறு இடம் பார்க்கலாம் என்றார். பல மாதங்கள் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோதும் 'டு லெட்' பலகை அப்படியே தொங்கியது. தம்பிக்கு விமானம் கிடைக்கவில்லை போலும். அன்று நாங்கள் சண்டை போடவில்லை. வீட்டுக்காரர்கள் என்றால் அப்படித்தான் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானத்தை என் மகளுக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பெரியவர்மீதுகூட எனக்கு இப்போது அவ்வளவு கோபம் இல்லை. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தில் சமத்துவம் பற்றி நான் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் இதயம் போடுகிறவர்கள். அவள் தெருப் பெயர் தெரியாமல் விழித்தபோது அத்தனை பேரும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது "சாம்பார் நன்றாக இருக்கிறது" என்று பேச்சை மாற்றியிருக்கலாம்.

விழா வீட்டு நண்பருக்கு: பெரியவர் மனம் புண்பட்டிருக்கிறார், ஒரு வார்த்தை பேசிவிடு என்று நேற்றிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டாய். என் மகளிடமும் போன் இருக்கிறது. எண் உன்னிடம் உண்டு.