லிங்க்கை அனுப்பும் முன் அதன் வாலை வெட்டுங்கள்

யூடியூபில் ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து, 'பகிர்' பொத்தானைத் தட்டி, கிடைக்கும் லிங்க்கை எங்காவது ஒட்டி முழுசாகப் படித்துப் பாருங்கள். முதலில் தளத்தின் பெயர் இருக்கும். ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகு 11 எழுத்துகளில் அந்த வீடியோவின் அடையாளம். வீடியோ ஓடுவதற்கு இவ்வளவு போதும். ஆனால் லிங்க் அங்கே முடியாது. ஒரு கேள்விக்குறி, 'எஸ்.ஐ' என்று இரண்டு எழுத்து, ஒரு சமக்குறி, அப்புறம் வாய்க்குள் நுழையாத ஓர் எழுத்துக் கோவை. கேள்விக்குறியிலிருந்து கடைசிவரை அழித்துவிட்டுத் திறந்தாலும் அதே வீடியோதான் வரும். அப்படியென்றால் அந்த வால் யாருக்காக ஒட்டப்பட்டிருக்கிறது?

அனுப்பும் நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, பார்ப்பவருக்கும் இல்லை. இந்தப் பகிர்வு எங்கே தொடங்கியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அந்த நிறுவனம் தனக்காக ஒட்டிக்கொண்டது அது. இன்ஸ்டாகிராம் லிங்க்கில் அதுவே 'ஐ.ஜி.எஸ்.எச்' என்று இருக்கும். முகநூலிலிருந்து வெளியே போகும் லிங்க்கில் 'எஃப்.பி.சி.எல்.ஐ.டி' என்று இருக்கும். கூகுள் விளம்பரத்தைத் தட்டினால் 'ஜி.சி.எல்.ஐ.டி', மைக்ரோசாஃப்ட் விளம்பரம் என்றால் 'எம்.எஸ்.சி.எல்.கே.ஐ.டி'. பெயர்கள்தான் வேறு வேறு.

எனக்கு இதில் பொறுக்கமுடியாத விஷயம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலோ சிக்னலிலோ நாம் அனுப்பும் செய்தி முனையிலிருந்து முனைவரை குறியாக்கம் செய்யப்பட்டது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறு யாராலும் படிக்கமுடியாது. நல்லது, தேவையானது. ஆனால் அந்தச் செய்திக்குள் வாலோடு ஒரு லிங்க் இருந்து, பெற்றவர் அதைத் தட்டினால் என்ன ஆகிறது? வாலில் இருக்கும் கோவை அப்படியே வீடியோ நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்தக் கோவை எந்தக் கணக்கிலிருந்து, எப்போது உருவானது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க முடியும். தட்டியவரும் தன் கணக்கில் நுழைந்திருந்தால் அவர் யார் என்பதும் தெரியும். ஆக, செய்தியில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமலே, இன்னார் இன்னாருக்கு இந்த வீடியோவை இந்த நேரத்தில் அனுப்பினார் என்று கணித்துவிடலாம். பூட்டிய அறைக்குள் பேசியதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, யார் யாரோடு பேசினார்கள் என்ற விவரம் மட்டும் அமைதியாக வெளியே போய்விடுகிறது.

இப்போது அந்த வீடியோ எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். மன அழுத்தம் பற்றி ஒரு மருத்துவர் பேசுவதைத் தங்கைக்கு அனுப்பும் அக்கா. விவாகரத்துச் சட்டம் பற்றிய விளக்கத்தைத் தோழிக்கு அனுப்பும் ஒரு பெண். வேலை செய்யும் இடத்தில் நடக்கும் முறைகேட்டைப் பற்றி ஒரு நிருபருக்கு லிங்க் அனுப்பும் ஊழியர். இவர்களில் யாரும் எந்த நிறுவனத்திடமும் 'எனக்கும் இவருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது' என்று சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள். புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. சொந்தப் பெயரில் இருக்கும் கணக்கில் 'பகிர்' தட்டி எடுத்த லிங்க்கைப் புனைபெயர்க் கணக்கில் ஒட்டினால், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும் கயிற்றை நாமே கையில் கொடுத்த மாதிரி.

அதனால்தான் 'மறைக்க எனக்கு ஒன்றுமில்லை' என்ற பதிலை நான் ஏற்பதில்லை. உங்களிடம் மறைக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம், சரி. லிங்க்கில் இருப்பது உங்கள் விவரம் மட்டுமா? தட்டப்போகிறவரின் விவரமும் அதோடு சேர்ந்து போகிறது. அவரிடம் நீங்கள் கேட்கவில்லை. அவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. உங்களை நம்பித் தட்டுகிறார், அவ்வளவுதான்.

இந்த வால் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 'யு.டி.எம்' என்று தொடங்கும் வால்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் முழுப் பெயர் அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல். அர்ச்சின் என்பது இணையதளங்களுக்கு வரும் வாசகர் கணக்கைப் பார்க்கும் மென்பொருளைச் செய்துவந்த நிறுவனம். 2005-ல் கூகுள் அதை வாங்கி, அதே ஆண்டில் அதே வேலையைச் செய்யும் கூகுள் அனலிட்டிக்ஸை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர் மறைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, வால் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நியாயமாகச் சொன்னால், யு.டி.எம் வகை வால்களில் பெரும்பாலானவை அவ்வளவு மோசமில்லை. வாசகர் செய்திமடலிலிருந்து வந்தாரா, முகநூலிலிருந்து வந்தாரா என்பதைத்தான் அவை பொதுவாகச் சொல்கின்றன. ஒரே மடலைப் பெற்ற எல்லோருக்கும் ஒரே வால்தான். ஒரு சின்னப் பத்திரிகை தன் வாசகர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆளுக்கு ஒன்று, தட்டலுக்கு ஒன்று என்று உருவாகும் வால்தான் வேறு ஜாதி. 2018 வாக்கில் முகநூல் தன் லிங்க்குகளில் எஃப்.பி.சி.எல்.ஐ.டி-யை ஒட்டத் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தைக் கவனியுங்கள். ஒரு தளத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நிறுவனம் நம்மைப் பின்தொடரப் பயன்பட்ட மூன்றாம் தரப்பு குக்கீகளை (உலாவியில் சேமிக்கப்படும் சிறு அடையாளக் குறிப்புகளை) உலாவிகள் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தன. ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020-ல் அவற்றை முழுதாகவே அடைத்தது. குக்கீயின் வழி அடைபட அடைபட, லிங்க்கின் வால் முக்கியமாகிவிட்டது. நீங்கள் முகநூலில் ஒரு லிங்க்கைத் தட்டி ஒரு கடையின் தளத்துக்குப் போகிறீர்கள். அந்தத் தளத்தில் வருபவரைக் கவனித்து முகநூலுக்குச் சொல்லும் 'பிக்சல்' என்ற சிறு நிரல் இருந்தால், அது வாலைப் படித்து, அந்தத் தளத்தின் சொந்தக் குக்கீ போலவே 90 நாள் ஆயுளோடு சேமித்து வைக்கும். பிறகு அங்கே நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதை வாங்கினீர்கள் என்ற செய்தி, அந்த அடையாளத்தோடு முகநூலுக்குத் திரும்பிப் போகும். குக்கீ வேண்டாம் என்று உலாவி சொன்னதை, வால் வழியாகச் சுற்றி வந்து சாதித்துக்கொண்டார்கள்.

கூகுள் தேடல் லிங்க்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நாம் யோசிக்காமல் அப்படியே நகலெடுத்து அனுப்புகிறோம். தேடல் முடிவுப் பக்கத்துக்குத் தேவையானது 'க்யூ' என்ற ஒரே பகுதி. அதில்தான் தேடிய சொற்கள் இருக்கும். கணினியில் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் அதற்குப் பின்னால் நீளமாக ஏதேதோ வரும். அவற்றில் 'ஓ.க்யூ' என்று ஒன்று இருக்கும். பரிந்துரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நீங்கள் கையால் தட்டச்சு செய்த சொற்கள் அதில் இருக்கும். 'பி.ஐ.டபிள்யூ', 'பி.ஐ.எச்' என்று இரண்டு எண்கள் இருந்தால், அவை உங்கள் உலாவிச் சன்னலின் அகலமும் உயரமும். ஒருவருக்கு ஒரு தேடலைக் காட்ட நினைத்து, நீங்கள் முதலில் என்ன தேட நினைத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் காட்டியிருப்பீர்கள். இதைப் படிக்க எந்த நிறுவனமும் தேவையில்லை, லிங்க்கைப் பெற்றவரே படித்துவிடலாம்.

சரி, எப்படி வெட்டுவது? பெரும்பாலான லிங்க்குகளில் கேள்விக்குறி வரை பக்கத்தின் முகவரி, அதற்குப் பிறகு வருவது கூடுதல் விவரம். கூடுதல் விவரம் ஒவ்வொன்றும் 'பெயர், சமக்குறி, மதிப்பு' என்ற வடிவில் இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் '&' குறி வரும். கேள்விக்குறியோடு சேர்த்துப் பின்னால் இருப்பதை அழித்துவிட்டு, உலாவியின் தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சன்னலில் திறந்து பாருங்கள். அதே பக்கம் வந்தால் அனுப்பலாம். வராவிட்டால் ஏதோ ஒரு பகுதி தேவைப்படுகிறது. யூடியூபின் நீளமான லிங்க்கில் 'வி' என்ற பகுதிதான் வீடியோவின் அடையாளம், அதை அழித்தால் முகப்புப் பக்கம்தான் வரும். 'டி' என்பது எந்த நொடியிலிருந்து ஓடவேண்டும் என்பது. அதை நீங்கள் வேண்டுமென்றே வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் தவறாக வெட்டிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்தோ தமிழ்த் தலைப்பு உள்ள ஒரு வலைப்பூவிலிருந்தோ லிங்க்கை நகலெடுத்தால், சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக முழநீளத்துக்கு வந்து விழும். பார்த்தவுடன் இதுதான் உளவு வால் என்று தோன்றும். அது உளவு வால் இல்லை, உங்கள் தலைப்பேதான். லிங்க்கில் தமிழ் எழுத்தை நேராக அனுப்ப முடியாததால், 'க' என்ற ஓர் எழுத்து 9 குறிகளாக மாறுகிறது. 'கி' என்றால் 'க' ஒன்று, கொக்கி ஒன்று என்று 18. 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகள். கேள்விக்குறிக்கு முன்னால் இருந்தால் அதைத் தொடாதீர்கள். தொட்டால் பக்கம் திறக்காது. பல குழுக்களில் 'லிங்க் வேலை செய்யவில்லை' என்று வரும் புகாருக்கு இப்படி அரைகுறையாக வெட்டப்பட்ட தமிழ்த் தலைப்பும் ஒரு காரணம்.

ஒவ்வொரு தடவையும் கையால் வெட்டச் சொல்லவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2023 நவம்பரில் வந்த 120-ம் பதிப்பிலிருந்து, லிங்க்கின் மேல் வலது சொடுக்கினால் தடமில்லாமல் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அதிலேயே கண்டிப்பான பாதுகாப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால், தெரிந்த வால்களைப் பக்கம் திறக்கும்போதே கழற்றிவிடும். பிரேவ் உலாவியிலும் சுத்தமான லிங்க்கை நகலெடுக்கும் வசதி உண்டு. ஐபோனில் ஐ.ஓ.எஸ் 17-லிருந்து மெயில், மெசேஜஸ், சஃபாரியின் தனிப்பட்ட சன்னல் ஆகியவற்றில் ஆளை அடையாளம் காட்டும் வால்கள் தானாக நீக்கப்படுகின்றன. கணினியில் ஃபயர்ஃபாக்ஸோடு சேர்த்துக்கொள்ளும் யுபிளாக் ஆரிஜின், கிளியர்யுஆர்எல்ஸ் போன்ற நீட்சிகளும் இதைச் செய்யும். இவையெல்லாம் தெரிந்த பெயர்களின் பட்டியலை வைத்து வேலை செய்கின்றன. புதுப் பெயர் ஒன்று வந்தால், பட்டியலில் சேரும்வரை அது தப்பிவிடும். அதனால் கண்ணால் ஒரு தடவை பார்க்கும் பழக்கம் எப்படியும் வேண்டும்.

எல்லா வாலையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டச் சொல்லவும் மாட்டேன். ஒரு விமர்சகர் தன் பரிந்துரை லிங்க்கில் சேர்த்திருக்கும் அடையாளத்தால் அவருக்குச் சிறு தரகு கிடைக்கிறது என்றால், அதை அவர் வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார் என்றால், நான் அதை விட்டுவைப்பேன். அவர் உழைப்புக்கு அது கூலி. எனக்குத் தெரிந்தே நடக்கிறது. மற்ற வால்களோடு என் சண்டையே அவை நமக்குத் தெரியாமல் ஒட்டப்படுகின்றன என்பதுதான்.

மின்னஞ்சலில் வரும் லிங்க்குகளில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் வையுங்கள். செய்திமடல்களில் பல லிங்க்குகள் ஆளுக்கு ஆள் வேறு. செய்திமடல் அனுப்பித் தரும் சேவையான மெயில்சிம்ப் வழியாக வரும் சில மடல்களின் லிங்க்குகளில் 'எம்.சி ஈ.ஐ.டி' என்று ஒரு பகுதி இருக்கும், அது அந்தச் சந்தாதாரரின் அடையாளம். மடலை அப்படியே நாலு பேருக்குத் திருப்பி அனுப்பினால், அவர்கள் தட்டுவதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். அடியில் இருக்கும் 'சந்தாவை நிறுத்து' லிங்க்கை அவர்களில் யாராவது தட்டினால், உங்கள் சந்தாதான் நிற்கும். கடவுச்சொல் மாற்றும் லிங்க், ஒரே தட்டலில் உள்ளே நுழையவிடும் லிங்க் ஆகியவற்றில் வாலே சாவி. வெட்டினால் வேலை செய்யாது. வெட்டாமல் அனுப்பினால் கணக்கையே கொடுத்த மாதிரி. அவற்றை யாருக்கும் அனுப்பவே கூடாது.

வெட்டவே முடியாதபடி செய்யும் வேலையும் நடக்கிறது. 2022-லிருந்து முகநூல் பதிவுகளின் முகவரியிலேயே 'பி.எஃப்.பி.ஐ.டி' என்று தொடங்கும் நீளக் கோவை வருகிறது. பதிவின் எண்ணே அதற்குள் புதைந்திருப்பதால் தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. பல செயலிகள் தரும் குறுகிய பகிர்வு லிங்க்கும் அப்படித்தான். பார்க்கக் குட்டியாக, வாலே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் குட்டிப் பெயரே உங்களுக்காக உருவாக்கியதாக இருக்கலாம். அதை நீங்களே உலாவியில் திறந்து, போய்ச் சேரும் உண்மையான முகவரியை எடுத்து, அதில் வாலை வெட்டி அனுப்புவதுதான் இப்போதைக்கு வழி.

இத்தனையும் பயனர்தான் செய்யவேண்டும் என்பதே அநியாயம். 'பகிர்' பொத்தானைத் தட்டினால் சுத்தமான லிங்க் வருவதுதான் இயல்பாக இருக்கவேண்டும். அடையாளம் சேர்க்க விரும்பும் நிறுவனம் அந்த இடத்திலேயே கேட்கட்டும், சம்மதித்தவர்கள் சம்மதிக்கட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரிச் செயலிகளும் லிங்க்கை ஒட்டும்போதே 'வாலை நீக்கவா?' என்று ஒரு வரி காட்டலாம். உலாவிகள் ஏற்கெனவே செய்வதால், தொழில்நுட்பம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுவரை, குழு நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் குழு விதிகளில் 'லிங்க்கை வாலை நீக்கிவிட்டுப் பகிரவும்' என்று ஒரு வரி சேருங்கள். வாலோடு வந்துவிட்டால் கடிந்துகொள்ளாமல், சுத்தமான லிங்க்கை அடியில் போட்டுவிட்டு, பழையதை நீக்கச் சொல்லுங்கள். உடல்நலம், சட்ட உதவி, பெண்கள் பாதுகாப்பு பற்றிப் பேசும் குழுக்கள் இதை இன்றைக்கே தொடங்கலாம்.