ஒரு சொட்டு ரத்தத்தில் 5 நிமிடத்தில் கிருமி தெரிந்துவிடுமா?

“புது மெஷின் ஒரு சொட்டு ரத்தத்தில் 5 நிமிடத்தில் கிருமியைக் காட்டும், 3 நாள் கல்ச்சர் பணம் பறிக்கும் வேலை” என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் தவறு.

மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் கிருமியின் பெயரைச் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் வைப்பது ரத்தச் சொட்டு அல்ல, ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமி. அப்படி வளர்ப்பதுதான் கல்ச்சர். அதற்குப் பெரியவர்களுக்கு ஒரு கல்ச்சர் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். கிருமி பெருகி வெளியிடும் கரியமில வாயுவால் பாட்டிலின் அடியிலுள்ள சென்சார் மாறினால்தான், பாட்டிலை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் கிருமி இருப்பதை அறிவிக்கும். வழக்கமாக 5 நாள் வரை பார்ப்பார்கள். ரத்தம் குறைந்தாலோ, ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்தாலோ கிருமி சிக்காமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதற்குத் தனிச் சோதனை உண்டு.

சந்தேகமிருந்தால் ஜிப்மர் நுண்ணுயிரியல் துறையிலோ, உங்கள் ஆய்வகத்திலோ கேளுங்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் தகவலை இனிப் பகிராதீர்கள்.