ஸ்பேம் பட்டன் என்ன பண்ணும்னு கொஞ்சம் சொல்லிட்டு வைங்கப்பா

மெயில் ஆப்ல இருக்கற பட்டன்லயே ரொம்ப வீரியமானது எதுன்னு கேட்டா நான் டெலிட்டைச் சொல்லமாட்டேன், ஸ்பேம் பட்டனைத்தான் சொல்வேன். டெலிட் பண்ணா அந்த ஒரு மெயிலோட கதை முடிஞ்சுது, வேணும்னா ட்ராஷ்ல போய் தேடி எடுத்துக்கலாம். ஸ்பேம்னு அமுக்கினா அந்த மெயிலும் போகும், அதே ஆள் நாளைக்கு அனுப்பறதும் போகலாம், அனுப்பினவங்க பேர்ல ஒரு கரும்புள்ளியும் விழும். இவ்வளவு வேலை பாக்கற பட்டன் மேல எழுதியிருக்கறது ஒரே ஒரு வார்த்தை, சில ஆப்ல அதுவும் கிடையாது, ஒரு ஆச்சரியக்குறி படத்தைப் போட்டுட்டு நீயே புரிஞ்சுக்கோன்னு விட்டுட்டாங்க.

எனக்கு என்ன கடுப்புன்னா, அந்த ஒரு அமுக்குக்குள்ள தனித்தனி வேலைங்க பல ஒளிஞ்சிருக்கு. மெயிலை இன்பாக்ஸ்லருந்து நகர்த்தறது ஒண்ணு, இந்த மாதிரி மெயில் எனக்கு ஆகாதுன்னு ஃபில்டருக்குக் கத்துக்குடுக்கறது இன்னொண்ணு, மெயில் சர்வீஸ் நடத்தறவங்ககிட்ட புகார் குடுக்கறது வேற, அனுப்பினவரை பிளாக் பண்றது வேற. எந்த மென்பொருள்ல இதுல எதெல்லாம் நடக்குதுன்னு பட்டனைப் பாத்து யாராலயும் சொல்லமுடியாது.

கம்ப்யூட்டர்ல மெயில் பாக்கற மென்பொருளான தண்டர்பேர்டையே எடுத்துக்குங்க. அதுல ஸ்பேமுக்கு ஜங்க்னு பேர், அப்படிக் குறிச்சா ஒரு சின்ன நெருப்பு ஐகான் எரியும், கத்துக்கறது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபில்டர், சர்வர் பக்கம் பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. அப்புறம் செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷன் இருக்கு, ஜங்க்னு குறிச்சதை ஜங்க் ஃபோல்டருக்கு நகர்த்தவா இல்ல டெலிட் பண்ணவான்னு கேக்கும். பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், எப்படியோ கண்ணுலருந்து போனா சரின்னு எதையாவது டிக் பண்ணிட்டு வந்துருவோம். ஆனா ஜிமெயில் கணக்கை ஐமேப் வழியா, அதாவது இங்க பண்றது சர்வர்லயும் அப்படியே பதியற முறையில, அதுல போட்டிருந்தீங்கன்னா, மெயில் ஸ்பேம் ஃபோல்டருக்குள்ள போறதை கூகுள் பக்கம் புகாராவே எடுத்துக்கும், டெலிட் பண்ணா யாரோ ஒரு மெயிலை அழிச்சாங்க அவ்ளோதான். அந்த ஆப்ஷனுக்குக் கீழ இதை ஒரு வரி எழுதி வச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

கத்துக்கற விஷயத்துல இன்னொண்ணு. வார்த்தைகளோட கணக்கை வச்சு ஸ்பேமைக் கண்டுபிடிக்கற பேய்சியன் முறை 2002ல பால் கிரஹாம்கற புரோகிராமர் அதைப் பத்தி எழுதினதுக்கப்புறம்தான் பரவலாச்சு. அதோட அடிப்படையே கெட்ட மெயிலையும் காட்டணும், நல்ல மெயிலையும் காட்டணும்கறது. ஸ்பேம்அசாசின்னு சர்வர்ல ஓடற ஸ்பேம் ஃபில்டர் ஒண்ணு இருக்கு, அதுல பாருங்க, ஸ்பேம் 200, நல்லது 200 சேர்ற வரைக்கும் அந்த பேய்சியன் பகுதி வாயே திறக்காது, அதுதான் டீஃபால்ட். ஆனா ஜங்க்னு அமுக்கறவங்கதான் உண்டு, நல்ல மெயிலைத் திறந்து இது ஜங்க் இல்லன்னு உட்கார்ந்து குறிக்கற மனுஷனை நான் பாத்ததே இல்ல. ஏன் குறிக்கணும்னு யாரும் சொன்னாத்தானே. "இன்னும் கத்துக்கிட்டிருக்கேன், நல்ல மெயிலும் கொஞ்சம் காட்டு"ன்னு அந்த மென்பொருளே ஒரு வரி சொல்லலாம், சொல்லாது, அப்புறம் ஃபில்டர் சரியில்லன்னு நாம திட்டிட்டு ஆஃப் பண்ணிடுவோம்.

பிளாக் இன்னும் மோசம். ஜிமெயில்ல ஒருத்தரை பிளாக் பண்ணா அவர் மெயில் வராம நின்னுடும்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க. நிக்காது. அடுத்தடுத்து வர்றது ஸ்பேம் ஃபோல்டர்ல விழும், 30 நாள் இருந்துட்டு அழியும், அனுப்பறவருக்கு எதுவும் தெரியாது. அதுல தப்பில்ல, ஆனா அதை அப்படியே சொல்லிட்டுப் போலாமே. இதுல நிஜமான ஸ்பேமர் ஒவ்வொரு தடவையும் வேற வேற முகவரி போடறவன், முகவரியையே போலியா வைக்கறவன், அவனை பிளாக் பண்ணி பிளாக் பண்ணி லிஸ்ட்தான் நீளும். பிளாக்கால பிரயோஜனம் உள்ளது தொல்லை குடுக்கற தெரிஞ்ச ஆளுக்குத்தான்.

சரி, இதுல மத்தவங்களுக்கு என்ன நஷ்டம்னு கேட்டா, இருக்கு. நாமளே பேர் குடுத்து சேர்ந்த செய்தி மடல், படிக்க நேரமில்ல, அன்சப்ஸ்கிரைப் எங்கேயோ அடியில சாம்பல் கலர்ல பொடி எழுத்துல இருக்கு, ஸ்பேம் பட்டன் மேலயே கைக்கு எட்டற மாதிரி இருக்கு. எதை அமுக்குவோம்? 2024 பிப்ரவரிலருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்பறவங்களுக்கு விதி போட்டிருக்காங்க, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது 1000 மெயிலுக்கு 3 பேர் அமுக்கினாப் போதும், கேட்டு வாங்கிப் படிக்கறவங்களுக்கே அந்த மடல் போய்ச்சேராம ஆகலாம். சின்னதா நேர்மையா ஒரு மடல் நடத்தறவங்களுக்கு இது பெரிய அடி. ஒரே க்ளிக்ல விலகற வசதிக்கு 2017லயே ஸ்டாண்டர்ட் வந்தாச்சு, அதே 2024 விதியில அதைக் கட்டாயமும் ஆக்கிட்டாங்க, நல்ல விஷயம். ஆனா முன்னபின்ன தெரியாத ஸ்பேம் மெயிலுக்குள்ள இருக்கற அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடவே கூடாது, இந்த முகவரியில ஆள் இருக்குன்னு நாமளே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். எப்போ விலகணும், எப்போ புகார் பண்ணணும்கற இந்த வித்தியாசத்தை சொல்லவேண்டியது அந்த பட்டன் இருக்கற இடத்துலதான், யாரும் போகாத ஹெல்ப் பக்கத்துல இல்ல.

நிறைய ஆப்ஷன் வச்சா ஜனங்க குழம்பிடுவாங்கன்னு டிசைன் பண்றவங்க ஒரு பதில் வச்சிருப்பாங்க. பட்டன் ஒண்ணாவே இருக்கட்டும், நான் கேக்கறது அமுக்கினதுக்கு அப்புறம். கீழ ஒரு சின்னப் பட்டையில "ஸ்பேமுக்கு நகர்த்தியாச்சு, இந்த முகவரிலருந்து இனி வர்றதும் அங்கதான் போகும், எங்களுக்கும் தகவல் வந்துடுச்சு"ன்னு போடுங்க. பக்கத்துலயே மூணு சாய்ஸ்: "நான்தான் கேட்டேன், இப்போ வேணாம்", "யாருன்னே தெரியல", "ஏமாத்தப் பாக்கறான்". முதல்ல உள்ளதை அமுக்கினா புகாரை வாபஸ் வாங்கிட்டு அன்சப்ஸ்கிரைப் பண்ணி விடுங்க, மூணாவதை ஃபிஷிங்கா, அதாவது ஏமாத்தி பாஸ்வேர்ட் மாதிரி விவரத்தைப் பிடுங்கற மெயிலா எடுத்துக்குங்க. ஒண்ணுமே அமுக்காம போறவங்க போகட்டும், யாரையும் நிறுத்திவச்சுக் கேள்வி கேக்க வேணாம். அப்புறம் தப்பா அமுக்கினதைத் திருப்பிக்கற அந்த அன்டூ பட்டன், கண்ணு அங்க போறதுக்குள்ள மறைஞ்சுடுது, வயசானவங்க எப்படி அதைப் பிடிப்பாங்க? அடுத்த வேலைக்குப் போறவரைக்கும் அது அங்கேயே நிக்கட்டும்.

அலுவலகத்துல நாலு பேர் சேர்ந்து பாக்கற பொது மெயில்பாக்ஸ்னா இன்னும் விசேஷம். ஒருத்தர் அவசரத்துல ஒரு கஸ்டமர் மெயிலை ஸ்பேம்னு தள்ளிட்டா மத்த மூணு பேருக்கும் அந்த மெயில் வந்ததே தெரியாது, யார் குறிச்சாங்க எப்போ குறிச்சாங்கன்னு நிறைய மென்பொருள்ல பாக்க வழியே இல்ல. இதுக்கு புதுசா ஏஐ எல்லாம் கொண்டுவர வேணாம், ஸ்பேம் ஃபோல்டர்ல ஒவ்வொரு மெயில் மேலயும் "இன்னார் இன்னிக்கு குறிச்சது" அல்லது "ஃபில்டர் தானா குறிச்சது"ன்னு சின்னதா எழுதி வச்சா போதும்.