யார் வந்தாலும் ஜெயிக்கலாமாம்!

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை நட்பு வட்டத்தில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து நார்மன் ஊரில், பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) அணியின் லவ்ஸ் ஃபீல்ட் ஸ்டேடியத்தில் மகளோடு எடுத்த படம், பின்னால் தூரத்தில் அந்த அணியின் கோச் பேட்டி கேஸோ அம்மா நிற்கிறார், அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு அண்ணன் வந்து, "அவ்ளோ காசு, அவ்ளோ பெரிய ஸ்டேடியம், அதுலயும் பொம்பளைங்க கேம். இந்த டீமுக்கு யார் கோச்சா வந்தாலும் ஜெயிக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு லைக் போட்டவர்கள் பட்டியலையும் பார்த்தேன். நம் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் அதில் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை.

யார் வந்தாலும் ஜெயிக்கலாமா? சரி, யார் வந்தார், எப்படிப்பட்ட இடத்துக்கு வந்தார் என்று பார்ப்போம்.

கேஸோ ஓக்லஹோமா பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணிக்குப் பொறுப்பேற்ற முதல் சீசன் 1995. அதற்கு முன்னால் கலிஃபோர்னியாவில் லாங் பீச் சிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் கோச். இங்கே வந்து பார்த்தால் பல்கலைக்கழக அணிக்குச் சொந்த மைதானமே கிடையாது. ரீவ்ஸ் பார்க் என்ற நகரப் பூங்காவில்தான் ஆட்டம். வேலை முடித்துப் பொழுதுபோக்குக்கு ஆட வருகிற ஆண்கள் அணிகளுக்கும் அதே மைதானம்தான். அண்ணன் சொன்ன அந்த "அவ்ளோ பெரிய ஸ்டேடியம்" அப்போது கனவில்கூட இல்லை.

1998ல்தான் சொந்த மைதானம் வந்தது. அதற்கு மரிட்டா ஹைன்ஸ் பெயரை வைத்தார்கள். முன்பு இதே அணிக்குக் கோச்சாக இருந்து, பிறகு நிர்வாகத்துக்குப் போன பெண் அவர். ஒரு பெண் போட்டுக்கொடுத்த பாதையில் இன்னொரு பெண் நடந்தார். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். 2000ல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை வீழ்த்தி முதல் தேசியக் கோப்பை. அதுவரை இந்தக் கோப்பை பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவில்தான் போய்வந்துகொண்டிருந்தது. வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர்களில் பெண்பிள்ளைகள் வருஷம் முழுக்க ஆடுவார்கள், ஜெயிப்பார்கள். கோதுமை வயலும் எண்ணெய்க் கிணறும் சூறாவளியுமாக இருக்கிற ஓக்லஹோமாவுக்கு சாஃப்ட்பால் வரைபடத்தில் பெரிதாக இடம் இருந்ததில்லை.

இப்போது அந்த லவ்ஸ் ஃபீல்டுக்கு வருகிறேன். அது திறக்கப்பட்டது 2024 மார்ச் 1. கேஸோவின் அணி தேசியக் கோப்பை வென்ற ஆண்டுகள் 2000, 2013, 2016, 2017, 2021, 2022, 2023, 2024. எட்டில் ஏழு, அந்த ஸ்டேடியம் வருவதற்கு முன்பே வந்தவை. இதில் உயர்கணிதம் ஒன்றும் இல்லை. கோப்பைகள் வந்ததால் ஸ்டேடியம் வந்தது. ஸ்டேடியம் வந்ததால் கோப்பை வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2023 பிப்ரவரியில் பேலர் பல்கலைக்கழக அணியிடம் தோற்றதற்குப் பிறகு அந்த அணி வரிசையாக 71 ஆட்டம் ஜெயித்தது. கல்லூரி சாஃப்ட்பாலில் அதற்கு முன்னால் இருந்த சாதனை அரிசோனாவின் 47. அந்த 71 எங்கே நின்றது தெரியுமா? இதே புது ஸ்டேடியத்தில், திறந்த அதே வார இறுதியில், லூசியானா அணியிடம் 7-5. ஸ்டேடியம் ஜெயித்துக் கொடுக்கும் என்றால் அன்றைக்கு என்ன ஆயிற்று, லீவா?

"முதல் கோப்பைக்கும் ரெண்டாவது கோப்பைக்கும் நடுவுல 13 வருஷம் இருக்கே, அப்ப இதே அம்மாதானே கோச்?" என்று ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். ஆமாம், இதே அம்மாதான். அதைத்தானே நானும் சொல்கிறேன்! யார் வந்தாலும் ஜெயிக்கிற அணி என்றால் 13 வருஷம் ஏன் காத்திருந்தது? 2012ல் இறுதிவரை போய் அலபாமாவிடம் தோற்றார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்து வாங்கினார்கள்.

அந்த 2013 எனக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை. நாங்கள் இந்தப் பக்கம் குடிவந்த புதிது. மே 20 அன்று நார்மனுக்குப் பக்கத்து ஊரான மூரைச் சூறாவளி துடைத்துப் போட்டது. 24 பேர் இறந்தார்கள். சைரன் அடிக்க, நான் துணி அலமாரிக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் சோஃபா மெத்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் யாருக்கும் எதிலும் மனம் ஓடவில்லை. ஜூன் மாதம் பக்கத்து வீட்டு அம்மா டிவி பார்க்கக் கூப்பிட்டார். டென்னசியுடன் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். ஏழு இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்கு இழுத்தது. லாரன் சேம்பர்லைன் என்ற பெண் ஒரே அடி, பந்து வேலிக்கு வெளியே, ஆட்டம் முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா அழுதார். விதி ஒன்றும் தெரியாமல் நானும் அழுதேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மஞ்சள் பந்துதான். கல்லூரியில் பூப்பந்து ஆடியவள் நான். மஞ்சள் உல்லன் பந்தைப் பார்த்து வளர்ந்த கண்.

சரி, "பொம்பளைங்க கேம்". இதற்குப் பதில் எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், யாராவது சின்னப் பெண் இதைப் படிக்கக்கூடும். கல்லூரி சாஃப்ட்பாலில் பந்து வீசுகிற பிட்ச்சர் நிற்பது அடிக்கிறவரிடமிருந்து 43 அடி தூரத்தில். பேஸ்பாலில் அது அறுபது அடி ஆறு அங்குலம். நல்ல பிட்ச்சர் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், இடுப்புக்குக் கீழிருந்து கையைச் சுழற்றி எறிவார். பந்து கிளம்பியதும் யோசிக்க நேரமில்லை. பேஸ்பாலில் 150 கிலோமீட்டருக்கு மேல் வருகிற பந்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இங்கேயும். அண்ணன் ஒரு நாள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்று பார்க்கட்டும். நான் வீடியோ எடுத்துத் தருகிறேன்.

இன்னொருவர் எழுதியிருந்தார், இது எதிராளியே இல்லாத ஆட்டமாம். 2017 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவோடு 17 இன்னிங்ஸ் ஆடி 7-5 என்று ஜெயித்தார்கள். எதிராளி இல்லாமலா 17 இன்னிங்ஸ்? 2021ல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் முதன்முறையாக வந்த ஜேம்ஸ் மேடிசன் அணியிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். அப்புறம் ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலையிலிருந்து இறுதிக்கு வந்து, இறுதியிலும் முதல் ஆட்டம் போய், அடுத்த இரண்டையும் எடுத்துக் கோப்பை வாங்கினார்கள். அதில் தொடங்கி வரிசையாக நான்கு வருஷம். யுசிஎல்ஏ 1988லிருந்து மூன்று முறை தொடர்ந்து வாங்கியிருக்கிறது. தொடர்ந்து நான்கு வேறு யாரும் வாங்கியதில்லை. அரிசோனா அணிக்குக் கோச்சாக இருந்த மைக் கேண்ட்ரியாவும் எட்டுக் கோப்பை வாங்கினவர்தான். அவரைப் பற்றி முன்பு எழுதியபோது இதே அண்ணன் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேஸோவிடம் ஆடிய ஜோசலின் ஏலோவையும் சொல்ல வேண்டும். ஹவாய்ப் பெண். கல்லூரி வாழ்க்கையில் 122 ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்புகிற அடி. அதற்கு முந்தைய சாதனை 95, அதுவும் கேஸோவிடம் ஆடிய சேம்பர்லைனுடையது. 2022ல் ஏலோ 95ஐத் தொட்டபிறகு எதிரணிகள் அவருக்கு அடிக்கிற மாதிரி பந்தே போடவில்லை. வேண்டுமென்றே விலக்கிப் போட்டு, அடிக்காமலே நடந்து போ தாயே என்று முதல் தளத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சொந்த மண்ணான ஹவாயில் போய்த்தான் 96வது விழுந்தது. தன்னிடம் படித்த ஒருத்தியின் சாதனையைத் தன்னிடம் படித்த இன்னொருத்தியே உடைப்பதைப் பார்க்கிற கோச்சுக்கு எப்படி இருக்கும்! யார் வந்தாலும் இது நடந்திருக்குமாம்.

இனி மற்ற கமென்ட்கள். "வேற காலேஜ்ல இருந்து பிட்ச்சரை இழுத்துட்டு வர்றாங்க." ஆமாம், 2024ல் கெல்லி மேக்ஸ்வெல் பக்கத்துப் பரம எதிரியான ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்துதான் வந்தார். விதி அனுமதிக்கிறது, எல்லாரும் செய்கிறார்கள். இவர்களிடமிருந்து ஜோர்டி பால் என்ற பிட்ச்சர் நெப்ராஸ்காவுக்குப் போகவில்லையா? டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணி ஒரு மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் காட்டி நைஜரி கேனடி என்ற பிட்ச்சரைக் கொண்டுவந்தது. அந்த கேனடியிடம்தான் 2025ல் இறுதிக்கு முந்தைய கட்டத்தில் 3-2 என்று தோற்றார்கள். காசு எல்லாரிடமும் இருக்கிறது, அண்ணே.

"மகனையே உதவிக் கோச்சா வெச்சிருக்காங்களே." இது நம்ம ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியா? அடுத்தது.

"கோச்சுக்கு மில்லியன் டாலருக்கு மேல சம்பளம், இவங்களுக்குப் போய் நீங்க கண்ணீர் விடறீங்க." நான் கண்ணீர் விடவில்லை. அதே வளாகத்தில் ஆண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சின் சம்பளம் ஏழு மில்லியனுக்கு மேல். அந்த அணி கடைசியாக தேசியப் பட்டம் வென்றது 2000 சீசனில். அதற்குப் பிறகு சாஃப்ட்பாலுக்கு ஏழு கோப்பை. அந்த ஏழு மில்லியனைப் பற்றி யாராவது கமென்ட் போட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அலசுகிறீர்கள், ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்டு படம் போடுகிறீர்கள். "யார் வந்தாலும்" என்ற வார்த்தை அங்கே வாயில் வருவதே இல்லை.

2021ல் தேசியப் போட்டி நடந்த ஓக்லஹோமா சிட்டி ஸ்டேடியத்தில் ஆட்டக்காரிகளுக்குக் குளிக்க ஷவர்கூட இல்லை. ஆண்கள் பேஸ்பால் அணிகளுக்கு ஓய்வு நாளோடு அட்டவணை. இந்தப் பெண்கள் மழையில் தள்ளிப்போன ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி ஆடினார்கள். அதை வெளிப்படையாகக் கேட்டவர்களில் கேஸோவும் ஒருவர். அடுத்த ஆண்டு அட்டவணையில் ஒரு நாள் கூட்டினார்கள். ஜெயிப்பவருக்கு வாயைத் திறக்க அவசியமே இல்லை. திறந்தார்.

அப்புறம் அந்தப் பெண்கள் கத்துகிறார்கள், குதிக்கிறார்கள், அடக்கமில்லை என்ற கமென்ட். இதை எழுதியது ஒரு பெண். அவரோடு எனக்குச் சண்டை வேண்டாம். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு ஓக்லஹோமா மறந்துவிட்டது.

எங்கள் கல்லூரியில் பி.டி. மிஸ் ஒருவர் இருந்தார். மைதானம் காலையும் மாலையும் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. எங்களுக்கு விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இடம். கோடு போட ஆள் அனுப்ப மாட்டார்கள். மிஸ்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, சுண்ணாம்புப் பொடியைத் தட்டித் தட்டிக் கோடு இழுப்பார். கயிறு பிடிக்கிற வேலை எனக்கு. கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். "கோடு நேரா இருந்தாத்தான்டி ஆட்டம் நேரா இருக்கும்" என்பார். வெளியூர் டோர்னமென்ட் என்றால் எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைத் தண்ணீரோடு பஸ்ஸில் எங்களோடு நின்றுகொண்டே வருவார். மண்டலப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தோம். வாங்கிய அன்று கத்தினோம், குதித்தோம். மறுநாள் கூப்பிட்டு, பொம்பளைப் பிள்ளைகளா லட்சணமா இருக்கத் தெரியாதா என்று மிஸ்ஸை நிற்கவைத்துக் கேட்டார்கள். எங்களை அல்ல, மிஸ்ஸை. கோப்பை அறைக்குள் போனது. ஆண்டுமலரில் வந்த படத்தில் முதல்வர், செயலாளர், நாங்கள். மிஸ்ஸைக் காணோம்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எட்டுக் கோப்பை வாங்கினவங்களையும் உங்க காலேஜ் மிஸ்ஸையும் ஒண்ணாச் சேர்க்கறீங்களே" என்பீர்கள். சேர்க்கத்தான் செய்வேன். ஜெயிக்காத பெண்ணிடம் "உன்னால் முடியாது" என்பீர்கள், ஜெயித்த பெண்ணிடம் "யாராலும் முடியும்" என்பீர்கள். நடுவில் எந்த இடத்தில் நின்றால் உங்களுக்குச் சம்மதம், அதையாவது சொல்லுங்கள்.

இதைத்தான் சனிக்கிழமை ராத்திரி கமென்டில் அந்த அண்ணனுக்குப் பதிலாகச் சுருக்கமாக எழுதினேன். மிஸ் கோடு போட்ட கதையையும் எழுதினேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். அவ்வளவுதான்.

அண்ணே, கேஸோவைப் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும், அழிக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு அதனால் ஒன்றும் குறையப்போவதில்லை, பிப்ரவரியில் அடுத்த சீசனுக்குப் போய்விடுவார். மிஸ் பெயருக்குக் கீழே இருக்கிற அந்தச் சிரிப்பை மட்டும் நீங்களே வந்து எடுத்துவிடுங்கள்.