டொய்லெட் வண்டிக்காரனுக்கும் பங்கு வேணும்

தனியார் ஜெட்டில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டி தூக்கினவனுக்குக் காசு கொடுக்கிறார்கள். கார்க் கதவு திறந்தவனுக்கும் கொடுக்கிறார்கள். அதே விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குனிந்து நின்று மலத்தொட்டியைக் காலி செய்தவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. நெடுநாளாக மனதில் கிடந்து உறுத்துகிற விசயம் இது.

கல்லாறு, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்கில் நம்ம பக்கத்துப் பொடியன்மார் வளைகுடா விமான நிலையங்களில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். தனியார் விமானங்களுக்கென்றே இருக்கும் டெர்மினலில் வேலை செய்கிறவர்களில் நானும் ஒருத்தன். உள்ளே சோபா, குளிர், கோப்பி மணம். கண்ணாடிக் கதவைத் தாண்டினால் ராம்ப், விமானங்கள் வந்து நிற்கிற திடல். கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயில், அதுக்கு மேலே கொங்கிரீட் கக்குகிற சூடு.

ஒரு விமானம் வந்து நின்றால் என்ன நடக்கிறது என்று பயணிக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மார்ஷலர் இரண்டு கையிலும் கோல் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்துவார். சில்லு உருளாமல் இருக்க முன்னும் பின்னும் சொக் என்கிற கட்டை வைப்போம். கரண்ட் கொடுக்கிற வண்டியை இழுத்து வந்து மாட்டுவோம். பெட்டிகள் இறங்கும், கார் படிக்கட்டுக்குக் கிட்ட வரும், கை குலுக்கல், சிரிப்பு, மடித்த நோட்டு ஒன்று கைமாறும். கார் போய்விடும். எங்களுக்கு வேலை தொடங்குவதே அதுக்குப் பிறகுதான்.

எண்ணெய் நிரப்புகிற பவுசர் வண்டி வரும். எண்ணெய்க் குழாயைத் தொட முதல் பவுசரையும் விமானத்தையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும், நிலைமின்சாரத்தில் பொறி பறக்காமல் இருக்க. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் நிரப்ப வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் ஒருத்தன் டொய்லெட் வண்டியோடு வருவான். கையுறை, முகத்துக்குக் கவசம். விமானத்தின் அடியில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைத் திறந்து குழாயைப் பொருத்தி வால்வை இழுக்க வேண்டும். வால்வு இறுக்கமாக இருந்தாலோ, முந்தின இடத்தில் சரியாக மூடாமல் விட்டிருந்தாலோ உள்ளே இருப்பது அவன் தோளில்தான் கொட்டும். என் கண்முன்னே கொட்டியிருக்கிறது. அந்தப் பொடியன் ஒரு சொல்லும் சொல்லாமல் தொட்டியைக் கழுவி, நீல மருந்து ஊற்றி, மூடியை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனான். அந்த விமானத்தில் வந்தவர்கள் அப்போது ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

வெள்ளாமை வெட்டிச் சூடடித்த பிறகு, மூட்டையை வண்டியில் ஏற்றினவனுக்கு மட்டும் கையில் கொடுத்துவிட்டு, வயலுக்குள் முதுகு வளைத்தவனை வயல் சொந்தக்காரரான போடியார் வெறுங்கையோடு அனுப்பினால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்குமா?

"சம்பளம் எடுக்கிறான்தானே" என்று சொல்லுவார்கள். எடுக்கிறான், உண்மைதான். பெரிய ஜெட் ஒன்றின் நிறுத்தக் கட்டணம், எண்ணெய், கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான டொலர் பில்லாகும். அது கம்பனிக்குப் போகிற காசு. அதில் எவ்வளவு ராம்பில் நிற்கிறவன் கைக்கு வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும், இந்தக் கைக்காசு ஏன் பெரிதாகப்படுகிறதென்று. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டிப்ஸ் கிடைக்கிறதுதானே என்று சம்பளத்தைக் குறைத்து வைக்கிற முதலாளியோடு எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. சம்பளம் முதலாளியின் கடன். டிப்ஸ் வந்தவர் மனதாரக் கொடுப்பது. ஒன்றைக் காட்டி மற்றதை வெட்டக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது? அமெரிக்காவில் பெட்டி தூக்கி, ஐஸ், கோப்பி கொண்டுவந்து கொடுத்த ராம்ப் ஆட்களுக்கு 5, 10, 20 டொலர் என்று கொடுப்பது சாதாரணம். பல நேரம் விமானச் சொந்தக்காரர் சார்பில் விமானியே கொடுத்துப் பயணச் செலவில் எழுதிக்கொள்வார். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை, நீட்டினால் அவர்களுக்குச் சங்கடம். சில கம்பனிகள் வாங்கவே கூடாது என்று சட்டம் வைத்திருக்கும். அப்படியான இடத்தில் "பரவாயில்ல, வச்சுக்கொள்" என்று சட்டைப் பைக்குள் திணிக்காதீர்கள். உங்களுக்கு அது பெருந்தன்மை, அவனுக்கு வேலையும் விசாவும் போகலாம். கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். கூடாது என்றால் அவன் பெயரைக் குறிப்பிட்டு மனேஜருக்கு நாலு வரி எழுதுங்கள். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும், பதவி உயர்வு நேரம் பேசும்.

தொகையை விட எனக்கு முக்கியம் அது போய்ச் சேருகிற விதம். நரைத்த தலையோடு ஒரு கெப்டன் வருவார். புறப்பட முதல் எங்கள் அறைக்கு வந்து "இன்றைக்கு எத்தனை பேர்?" என்று கேட்பார். பிறகு எல்லோர் முன்னாலும் சுப்பர்வைசரிடம் ஒரு கவரைக் கொடுத்து, "டொய்லெட் வண்டிக்காரரும் சேர்த்து" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. சுப்பர்வைசர்மாரும் அன்றன்றைக்கு வந்த காசையும் பிரித்த கணக்கையும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் சண்டை வரும். அந்தச் சண்டை நியாயமானதுதான்.

இனி நம்ம ஊர். திமிலைதீவுப் பக்கம் வாவி ஓரமாக இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்தை 2018 மார்ச்சில் உள்நாட்டுப் பயணத்துக்குத் திறந்தார்கள். ஒற்றைப் புரொபெல்லர் செஸ்னா கராவன் இங்கே வந்து போயிருக்கிறது. பாசிக்குடாக் கடற்கரைக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றி வேன் ஓடும் என் மச்சான் கேட்டான்: "வாற வெள்ளைக்காரர் ஆருக்குக் குடுக்கிறண்டு எங்களிட்டத்தான் கேக்காங்க. என்னத்தச் சொல்ற மச்சான்?"

நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், அறுகம்பே பக்கம் ஓடுகிற தம்பிமாரும் கேட்டுக்கொள்ளட்டும். விமானப்படைச் சீருடையில் நிற்பவருக்கும் அரச ஊழியருக்கும் காசு நீட்ட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். சந்தோசத்துக்குக் கொடுத்தது என்றாலும் இலஞ்சமாக எடுக்கப்படலாம். 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது, அந்த மனிசருடைய வேலைக்கே ஆபத்து. அவர்களுக்கு நன்றி என்று சொன்னால் போதும். விமானக் கம்பனியின், ஹோட்டலின் ஆட்கள் பெட்டி தூக்கினால், கம்பனி தடுக்காவிட்டால், கொடுக்கலாம். புரொபெல்லர் சுற்றும்போது நோட்டை எடுத்துக்கொண்டு விமானப் பக்கம் திரும்பிப் போக விடாதீர்கள். சுற்றுகிற புரொபெல்லர் கண்ணுக்குத் தெரியாது.

அதோடு, வெளிநாட்டுச் சில்லறையைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். யூரோ நாணயத்தை இங்கே வங்கியும் மாற்றாது, காசு மாற்றுகிற கடையும் வாங்காது. வரும் வழியில் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்திலேயே ரூபாய் நோட்டாக மாற்றி, சின்ன நோட்டும் கொஞ்சம் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். கொடுக்கும்போது எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று ஒரு தரம் கேட்கச் சொல்லுங்கள்.